ஏஞ்சலின் இடது கை

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இது நான் யோசித்த கதை இல்லை. புதுவாயல் பஸ்ஸில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். கண்டக்டர் விசிலடித்தார், பஸ் நின்றது, யாரும் இறங்கவில்லை. ஆரணி போவதற்குள் மூன்று முறை இப்படி. நான் சிரித்துவிட்டேன். நல்லவேளை, அவளும் சிரித்தாள்.

2

ஏஞ்சல் என்று பெயர் வைக்கிறேன். இருபத்து மூன்று வயது, டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவள். வலது கை அவளைக் கேட்காமலே எகிறும். எகிறும்போதெல்லாம் கூடவே கண் இரண்டு முறை சிமிட்டும். டாக்டர் அதை 'டிக்' என்றார். ('பாவம் ஏஞ்சல்' என்று தொடங்கி அடித்துவிட்டேன். பாவமாவது! மகா பிடிவாதக்காரி.)

கும்மிடிப்பூண்டி பிஸ்கட் கம்பெனி ஒன்றில் ஒரு வாரம் வேலை கொடுத்துப் பார்ப்பார்கள். தேறினால், போட்டோ போட்ட அட்டை கழுத்தில் தொங்கும். அவளுக்கு அந்த அட்டை வேண்டும்.

ஆனால் பாக்கெட்டுகளைச் சுமந்து பெல்ட் ஓடும் இரைச்சலில் கூப்பிட்டால் கேட்காது என்பதால் அங்கே ஒரு சட்டம்: கிழிந்த பாக்கெட் வந்தால் கை தூக்க வேண்டும்; யார் கை தூக்கினாலும் சுவிட்சில் நிற்கும் மோசஸ் பெல்ட்டை நிறுத்த வேண்டும்.

3

முதல் நாள் பதினான்கு முறை நின்றது. சூப்பர்வைசர் வீரராகவன் ஓடிவந்தார்.

"இன்னாம்மா, வெளையாடுறியா? கண்ணு வேற அடிக்கிற!"

"நான் அடிக்கல சார். அதுவா அடிக்குது."

"அடக்கிக்கினு வேலய பாரு."

அடக்கினாள். (அடக்கிய தும்மல் என்ன செய்யும், உங்களுக்கே தெரியும்.) மறுநாள் இருபத்திரண்டு.

அம்மா ஆரோக்கியமேரி டாக்டர் சீட்டோடு வந்தாள். "திமிரு இல்ல சார். திட்டுனா ஜாஸ்தியாவும்."

"செரிம்மா. பெல்ட்டுக்கு யாரு வைத்தியம் பாக்குறது? இன்னொரு தபா சும்மா நின்னுச்சு, ஊட்டுக்குத்தான்."

4

'ஒரு நாள் காலை ஏஞ்சலின் கை அமைதியாக...'

இல்லை, அற்புதம் என் கையில் இல்லை. வழியை அவளே கண்டுபிடித்தாள்.

"மோசஸண்ணா, இந்த வலது கை எம்பேச்ச கேக்காது, அது எழுந்தா நிறுத்தாம ஓட்டு. எடது கை என்னுது. அத தூக்குனா நிறுத்து."

நான்கு நாள் பெல்ட் நிற்கவே இல்லை. எனக்கே கை தட்டத் தோன்றியது.

5

கடைசி நாள் மூன்று மணி. ஏஞ்சலின் இடது கை எழுந்தது.

டிக் இடம் மாறும் என்றும் சீட்டில் இருந்தது. மோசஸ் திகைத்தான். வீரராகவன் திரும்பிப் பார்த்தார்.

முடிவு ஒன்று: நிறுத்துகிறான்; பெல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை; அட்டை போச்சு.

முடிவு இரண்டு: நிறுத்தவில்லை, கிழிந்த பாக்கெட்டுகள் பெட்டி பெட்டியாக...

இரண்டையும் எழுதிக் கிழித்துவிட்டேன். மோசஸை நகரச் சொல்லிவிட்டு, சுவிட்சை உங்களிடம் தருகிறேன். சீக்கிரம். இடது கை இன்னும் மேலேதான் இருக்கிறது. ஏஞ்சல் உங்களையே பார்க்கிறாள்.

கண் சிமிட்டவில்லை.