செங்கல் பள்ளத்துக்கு ஒரு சாட்சி

ஹேவர்லியில் எந்தப் பழைய சுவரைப் பார்த்தாலும் ஒரே சிவப்புதான். ரயில் நிலையம், மணிக்கூண்டு, ஒருகாலத்தில் குதிரைகள் தண்ணீர் குடித்த, இப்போது பூச்செடி வளர்கிற தொட்டி, விசாரணை நடந்துகொண்டிருந்த இந்தத் தேவாலயக் கூடம், எல்லாமே ஊர் நடுவில் செங்கல்லுக்காகத் தோண்டிய ஒரே பள்ளத்து மண். தோண்டி முடித்த பிறகு பள்ளத்தில் புல் முளைத்தது. ஊர் ஜனம் அங்கே நாயை அவிழ்த்து விட்டது, கறுப்புப் பெர்ரி பறித்தது, அந்த நாட்டு வழக்கப்படி நவம்பர் ஐந்தாம் தேதி விறகைக் குவித்துச் சொக்கப்பனை கொளுத்தியது. அதற்குக் காஸ்டல் என்று ஒரு சொந்தக்காரர் இருந்தார் என்பதே, அவர் செத்து, மகள் அதைக் கட்டட நிறுவனத்துக்கு விற்ற பிறகுதான் பாதிப் பேருக்கு நினைவு வந்தது.

ஊர் வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் ஜில்லியன் பாஸ்க். அதுவரை மணிக்கூண்டைப் பற்றிப் படம் போட்டுப் பேசி, வந்திருந்த ஒரு கைப்பிடி ஆட்களைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தவள். பள்ளத்தில் அடுக்குமாடி வரப்போகிறது என்றதும் அவளுக்கு ஆவேசம் வந்தது. ஊருக்காக என்றுதான் எல்லாரிடமும் சொன்னாள். உண்மையில் மகன் டோபிக்காக. முப்பது வயதைத் தாண்டியும் கடை வாசல் மணி அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறவன், காலையில் பள்ளத்தைச் சுற்றி நடந்துவிட்டு வந்தால் மட்டும் சிரித்துக்கொண்டு சாப்பிடுவான். அந்தப் புல்லும் போனால் அவனுக்கு நாலு சுவர்தான் மிச்சம்.

சட்டத்தில் ஒரு வழி இருந்தது, அதை வைத்து ஜில்லியன் மனுப் போட்டு, தானே வாதாடவும் வந்தாள். இருபது வருஷம் ஊர் ஜனம் ஒரு நிலத்தில் யாரையும் கேட்காமல், ஒளியாமல், வேலியை உடைக்காமல் புழங்கி வந்திருந்தால், அது ஊர்ப் பொது வெளி. கேட்டுவிட்டு வந்திருந்தால் கதை முடிந்தது. கேட்டு வந்தவன் விருந்தாளி, விருந்தாளிக்கு ஏது உரிமை? தன் காலை மிதித்தவனிடமே மன்னிப்புக் கேட்கிற ஜனங்களுக்கு இப்படி ஒரு சட்டம் எழுதியவன் நிச்சயம் குசும்பு பிடித்தவனாகத்தான் இருந்திருப்பான்.

காலையில் சாட்சி சொன்னவர்களைக் கட்டட நிறுவனத்தின் வக்கீல் ஒவ்வொருவராக உரித்துப் போட்டிருந்தார். நீங்கள் குடிவந்தே பத்து வருஷம்தானே, உங்கள் நாய் செத்து எத்தனை வருஷம் என்று. பழைய வருஷங்களுக்கெல்லாம் மிஞ்சியிருந்த ஒரே சாட்சி வில்ஃப் டன்னார்ட். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், சொக்கப்பனையை வருஷா வருஷம் முன்னின்று நடத்தியவர், ஊரிலேயே தங்கமான மனுஷர். தேநீர் இடைவேளையில் ஜில்லியன் அவருக்குக் கோப்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அடுத்தது நீங்கதான் வில்ஃப். படபடன்னு இருக்கா?"

"எனக்கென்னம்மா படபடப்பு. கால்தான் விறைக்குது. இந்த ஹால்ல ஹீட்டர் என்னைக்கு வேலை செஞ்சிருக்கு." பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். "காஸ்டல் எவ்வளவு நல்ல மனுஷர்ங்கறதை மொதல்ல சொல்லிடணும்னு நெனச்சிருக்கேன். அக்டோபர் வந்தா ஒரு பாட்டில் பிளம் ஜாம் எடுத்துக்கிட்டு அவர் வீட்டுக்குப் போயிருவேன்ல."

"எதுக்கு?"

"கேக்கத்தான். அடுத்தவர் நிலத்துல நெருப்பு வெக்கறோம், கேக்காம வெப்பாங்களா? அப்படியே நம்ம ஜனங்க நடக்கறதுக்கும் சேர்த்துக் கேட்டுருவேன். 'தாராளமா, வில்ஃப்'ம்பார். ஒரு தடவைகூட முகம் சுளிச்சதில்ல."

ஜில்லியன் தன் கோப்பையை ஜன்னல் கட்டையில் வைத்தாள். "இதை யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களா?"

"இதுல சொல்ல என்ன இருக்கு? ஷூவைத் தொடச்சிட்டு உள்ள போனேன்னு யாராவது ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவாங்களா?"

அவரைச் சுவரோரமாகத் தள்ளிக்கொண்டு போய்க் காதோடு காதாகச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். நனைந்த பிஸ்கட் ஒடிந்து தேநீருக்குள் விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"அப்போ மரியாதையா நடந்ததுதான் தப்புங்கற."

"தப்பில்ல. ஆனா அதை அங்க சொன்னா பள்ளம் போச்சு."

"பைபிள் மேல கை வெக்கணுமேம்மா."

"டோபியை நெனச்சுக்கங்க வில்ஃப்."

டோபி தானாக வணக்கம் சொல்கிற ஒரே வெளி ஆள் வில்ஃப். அந்தப் பெயரை எடுத்திருக்கக் கூடாது என்று அவளுக்கு உடனே உறைத்தது. ஆனாலும் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

"காஸ்டல் வீட்டுல உங்களை வேற யாரு பாத்திருக்காங்க?"

"கதவைத் திறக்கறது பாதி நாள் அவர் பொண்ணு ஹெஸ்டர்தான். அதோ மூணாவது வரிசைல, சாம்பல் கோட்டு." அவர் அந்தப் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

நிலத்தை விற்றுக் காசை வாங்கிக்கொண்ட ஹெஸ்டருக்கு இந்த வழக்கில் இனி லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்தாள். அவளை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஆனால் அவள் எழுந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

வில்ஃப் சத்தியம் செய்தபோது குரல் தெளிவாகத்தான் இருந்தது. சொக்கப்பனைக்கு எத்தனை பேர் வருவார்கள், விறகு எங்கிருந்து வரும் என்றெல்லாம் ஜில்லியன் கேட்டாள், அவரும் ஒழுங்காகச் சொன்னார். அப்புறம் வக்கீல் எழுந்தார். பார்ப்பதற்குச் சாது, பேச்சும் மெதுவானது.

"மிஸ்டர் டன்னார்ட், இத்தனை வருஷத்துல காஸ்டல்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருப்பீங்களே?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்ல."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உங்களைப் பத்தி ஊர்ல விசாரிச்சேன். பக்கத்து வீட்டு வேலிக்கு மேல கையை நீட்டணும்னாக்கூட மணி அடிச்சுக் கேக்கறவர்னாங்க. ஆனா அடுத்தவர் நிலத்துல வண்டி வண்டியா விறகை இறக்கி நெருப்பு வெப்பீங்க, வயசான மனுஷர் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருப்பார், ஒரு பேச்சுக்குக்கூடக் கேக்க மாட்டீங்க. நீங்க அப்படிப்பட்ட ஆளா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஜில்லியன் மேஜைக்கு அடியில் விரல்களைப் பிசைந்துகொண்டாள். பொய் சொல்லச் சொன்னால்கூட இந்த மனுஷர் சொல்லிவிடுவார், நாகரிகம் கெட்டவன் என்ற பெயரை மட்டும் தாங்க மாட்டார். அது வக்கீலுக்கும் தெரிந்திருந்தது. வில்ஃபின் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது. அவர் வக்கீலைப் பார்க்கவில்லை, ஜில்லியனையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். ஹெஸ்டரும் அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படிப்பட்ட ஆள்தான்" என்றார்.

"கேக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணல."

"காஸ்டல் உங்களைப் பத்தி என்ன நெனச்சிருப்பார்?"

வில்ஃப் டையை நேராக்கிக்கொண்டார். "வளர்ப்பு சரியில்லாதவன்னு நெனச்சிருப்பார்."

ஹெஸ்டர் எழுந்தாள். விசாரணை அதிகாரி நிமிர்ந்து, "ஏதாவது சொல்லணுமா மேடம்?" என்று கேட்டார்.

ஹெஸ்டர் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து மேலாக ஒவ்வொன்றாகப் போட்டாள். பார்வை மட்டும் வில்ஃபை விட்டு அகலவில்லை. "இல்லைங்க" என்றாள். "மன்னிச்சிக்கங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் போன பிறகும் கதவு சிறிது நேரம் ஆடிக்கொண்டிருந்தது. அதிகாரி ஜில்லியன் பக்கம் திரும்பினார். சாட்சியிடம் மறுபடி ஏதாவது கேட்க வேண்டுமா, சொன்னதில் எதையாவது அவர் திருத்திக்கொள்ள வேண்டுமா என்றார். அப்போதுதான் வில்ஃப் முதன்முறையாக அவளைப் பார்த்தார். அந்தப் பார்வை என்ன கேட்டது என்று அவளுக்கு நன்றாகவே புரிந்தது.

"எதுவும் இல்லைங்க" என்றாள்.

பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. பள்ளம் ஊருக்கே. முன்பின் பேசியிராதவர்களெல்லாம் கடைத்தெருவில் ஜில்லியனைக் கட்டிக்கொண்டார்கள். மறுநாள் காலை டோபி வழக்கம்போல நடந்துவிட்டு வந்து, வழக்கம்போல இரண்டு முட்டை சாப்பிட்டான். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவள் அழுதாள். சந்தோஷத்தில் அழுததாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

வில்ஃப் பள்ளத்துப் பக்கமே வரவில்லை. இனி வருகிற சொக்கப்பனைக்கு அவர்தான் முதல் தீ வைக்க வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது. முழங்கால் வலி என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் ஜில்லியனே போனாள். மழை பிடித்துக்கொண்டது, குடை எடுத்து வரவில்லை. அவர் கதவைத் திறந்தார். சட்டை, டை, எல்லாம் எப்போதும் போல.

"வாம்மா ஜில்" என்று சொல்லவில்லை. "ஹலோ ஜில்" என்றார். "டோபி சௌக்கியமா?"

"நல்லா இருக்கான். தினம் போறான். வில்ஃப் எங்கன்னு கேக்கறான்."

"சந்தோஷம்."

அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மின்சார மீட்டர் பார்க்க வருகிறவனைக்கூட உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து அனுப்புகிற வீடு அது. அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உள்ள வரலாமா வில்ஃப்?"

அவர் யோசிக்கவே இல்லை. "வேண்டாம்மா" என்றார், அத்தனை மரியாதையாக. அவள் படி இறங்கி வாசல் கேட்டைத் தாண்டும்வரை நின்றிருந்தார். பிறகு சத்தம் வராமல் கதவைச் சாத்திக்கொண்டார்.