இரும்பை இழுக்கும் கவசம்

...ஆனால் கல்லை என்ன செய்வது? மின்னேற்றம் உள்ள துகள் என்றால் காந்தம் வளைத்து ஓரமாக அனுப்பிவிடும், சரி, விண்கப்பலைச் சுற்றிக் கம்பிச்சுருள், அதில் மின்சாரம், அதனால் காந்தப்புலம், புலத்துக்குள் கொதிக்கிற வாயு சிக்கிக்கொண்டு நிற்கிறது, இதுவரை யாரும் குறை சொல்ல முடியாது. எதிரி ஒளிக்கதிரால் அடித்தால்? ஒளி காந்தத்தைச் சட்டையே செய்யாது. வாயுவை அடர்த்தியாக்கினால் ஒளியும் திரும்பிவிடும், ஆனால் அப்புறம் வெளிச்சமும் உள்ளே வராது, ரேடியோவும் போகாது, கப்பல்காரர்கள் கண்ணும் தெரியாமல் காதும் கேட்காமல் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்... அட கஷ்டகாலமே, இதைத்தான் தொடர்கதை படிக்கிற வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார், பத்திரிகை ஆசிரியர் காலையிலேயே போன் போட்டுவிட்டார், "அந்தக் கவசம் எப்படித்தான் வேலை செய்யுது, சாயங்காலத்துக்குள்ள சொல்லிடுங்க" என்று. சொல்லிடுங்களாம், கடையில் வாங்கி வைத்திருக்கிற மாதிரி. ஸ்கேன் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் நோட்டோடு, அவள் பேனாவைக் கடித்தாள். கணவரை இப்போதுதான் உள்ளே கூப்பிட்டார்கள். தலைவலிக்காக ஸ்கேன், ஒன்றும் இருக்காது, ஒரு மாதத் தலைவலிதானே, ஒன்றும் இருக்கக் கூடாது. படிவத்தை அவள்தான் நிரப்பினாள், நோட்டுக்கு மேலேயே வைத்து, கவசத்தை யோசித்தபடி, வரிசையாக இல்லை, இல்லை, இல்லை என்று ஒரே மூச்சில் டிக் அடித்து. நடுவில் அவர், "ஏம்மா, அந்த..." என்று ஆரம்பித்தார். அவள் இடது கையைத் தூக்கிக் காட்டினாள். வீட்டில் அதற்கு ஒரே அர்த்தம், எழுதுகிறேன், யாரும் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, இப்போது சட்டம்.

கல்லுக்கு மின்னேற்றம் கிடையாது, காந்தம் அதைக் கண்டுகொள்ளாது, நேராக வந்து முட்டும். சரி, இரும்பு? இரும்பை வா வா என்று இழுக்குமே! அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதிரி குண்டு போடவே வேண்டாம், கை நிறைய இரும்புத்தூளை வீசினால் போதும், கப்பலின் சொந்தக் கவசமே அதை இழுத்துத் தன் உடம்பில் குத்திக்கொள்ளும், ஆகா, அடுத்த அத்தியாயம் கிடைத்துவிட்டது, இரும்புத்தூள் என்று எழுதினாள், லேத் பட்டறையில் தரையெல்லாம் கிடக்குமே, அவர் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து துவைக்கும்போது விரலில் ஏறுமே, அந்தத் தூள்... பேனா நின்றது. ஒரு தடவை விரலில் ஏறவில்லை. கண்ணில் ஏறியது. அவருடைய இடது கண்ணில். பன்னிரண்டு வருஷம் ஆயிற்று, டாக்டர் மேலே இருந்ததை எடுத்துவிட்டு, உள்ளே பொடியாக ஒன்று தங்கியிருக்கிறது, தொந்தரவு பண்ணாது, விட்டுவிடலாம் என்றார். இந்த ஸ்கேன் மெஷின் என்ன? காந்தம். படிவத்தில் கண் என்று ஒரு வரி இருந்ததா? இருந்தது. அவள் என்ன போட்டாள்? ஐயோ. நோட்டு எங்கே விழுந்தது தெரியவில்லை, கதவைத் தட்டினாளா குத்தினாளா அதுவும் தெரியவில்லை, "நிறுத்துங்க, அவரு கண்ணுல இரும்பு இருக்கு, கண்ணுல இரும்பு இருக்கு!" தொண்டை கிழிந்தது, கதவு திறக்கவில்லை, இந்த நொடி அவர் உள்ளே காலெடுத்து வைக்கிறாரோ, அந்தப் பொடி இந்த நொடி திரும்புகிறதோ, பாவி, நான் கதை எழுதிக்கொண்டிருந்தேனே...

கதவைத் திறந்த ஸ்கேன் எடுக்கும் பெண்ணின் முகம் வெளுத்திருந்தது. "இன்னும் மெஷின் ரூமுக்குப் போகலைங்க. டிரஸ்தான் மாத்தியிருக்காரு. நல்லவேளை. முதல்ல கண்ணுக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடுவோம்" என்றாள். அவளுக்குப் பின்னால் நீல அங்கியில், வெறுங்காலோடு அவர் வந்து நின்றார். அவரைப் பார்த்த நிம்மதியில் இவளுக்குக் கோபம்தான் முதலில் வந்தது.

"உங்க கண்ணு, உங்களுக்கே ஞாபகம் இல்லையா?"

"இருந்துச்சு. சொல்ல வந்தேன், நீ கையக் காட்டின. உள்ள இந்தப் பொண்ணு திரும்பக் கேட்டுச்சு, ஃபார்ம்ல இருக்கறதுதான்னு சொல்லிட்டேன். நீ எழுதினா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

குறை சொல்கிற குரலே இல்லை. அதுதான் தாங்கவில்லை. கையைக் காட்டினால் திரும்பிப் போய்விடுவார், இவ்வளவு வருஷமாக அப்படித்தான், சமையலறை வாசலில் வந்து நிற்பார், நெற்றியைத் தேய்த்தபடி நிற்பார், போய்விடுவார்... நெற்றியைத் தேய்த்தபடியா? எப்போது? போன மாதமா? இல்லையே, அது மழைக்காலம், நனைந்த குடை அவர் கையில் இருந்ததே. எத்தனை நாளாக என்று டாக்டர் கேட்டபோது ஒரு மாதம் என்று சட்டென்று சொன்னது யார்? இவள்தான். அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாரா?

"ஏங்க, தலைவலி நெஜமா எப்பயிருந்து?"

அவர் குனிந்து, தரையில் கிடந்த நோட்டை எடுத்துத் தூசி தட்டி அவளிடம் நீட்டினார்.

"எழுதி முடிச்சுட்டியா?" என்று கேட்டார்.