பச்சை அட்டை

தாடையைச் சேர்த்துப் பிடித்து, காதோரமாகப் பேண்டேஜைக் கொண்டுபோய், உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள் தங்கை. ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேருக்குப் போட்ட முடிச்சுதான். இந்த முறை கட்டியது செத்துப்போன அக்காவின் வாயை. மூடச் சொல்லிப் புருஷன் கெஞ்சியிருக்கிறார், மாமியார் சபித்திருக்கிறாள், மாடிவீட்டம்மா ஜன்னலை அடித்துச் சாத்திக் காட்டியிருக்கிறாள். யாருக்கும் மூடாத வாய், கடைசியில் ஒரு முழத் துணிக்கு அடங்கிவிட்டது.

அக்காவுக்குத் தெருவில் 'சைரன்' என்று பெயர். கால் கட்டைவிரல் கதவில் இடித்துக்கொண்டால் மூன்றாம் வீட்டில் விளக்கு எரியும். பல் வலித்தால் பல் டாக்டருக்கு முன்னால் பால்காரருக்குத் தெரியும். பெற்ற அம்மாவே, "இவளுக்கு முள்ளு குத்தினா கடப்பாரை குத்தின மாதிரி" என்று சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புச் சத்தத்திலேயே வளர்ந்தவள் தங்கை. அப்பேர்ப்பட்ட அக்கா, போகும்போது மட்டும் ஒரு சத்தமும் போடவில்லை. காலையில் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தவள் படுத்தவள்தான். மதியம் சாப்பிட வந்த அத்தான் எழுப்பிப் பார்த்திருக்கிறார்.

வெந்நீர் குடிக்கச் சொன்னது தங்கை. அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியமில்லை இது. கூடத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அதுதான் கொடுமை.

"நீ என்ன பண்ணுவ பாவம்," என்று மாடிவீட்டம்மா தங்கையின் தோளைத் தடவிவிட்டாள். துக்க வீட்டில் முதல் ஆளாக வந்து, நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்டவள் அவள். "தினமும் ஒரு வலி சொன்னா யாருதான் நம்புவா? போன மாசம் கழுத்து, அதுக்கு முந்தி முட்டி. எங்க வீட்டுக்காரர் சொல்லுவார், இந்தம்மாவுக்கு வலிக்காத இடம் நாக்கு ஒண்ணுதான்னு."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். செத்தவளின் முகத்துக்கு நேரேயே பேச்சு நடந்தது. உயிரோடு இருந்திருந்தால் இதற்கு அக்கா கொடுத்திருக்கும் பதிலில் மாடிவீட்டம்மா மாடியையே காலி செய்திருப்பாள்.

தங்கைக்கு வேலை எமர்ஜென்சி வாசலில். வருகிறவர்களை ஒரு பார்வை பார்த்து அட்டை கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் உடனே உள்ளே. மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறு. பச்சை என்றால் பெஞ்சில் உட்கார், கூப்பிடுவார்கள். கூப்பிடுவார்களா என்பது வேறு விஷயம். "ஆளு படியேறும்போதே அட்டை என் கைக்கு வந்துடும்" என்று சொல்லிக்கொள்வாள். புதிதாக வரும் பெண்களுக்கு அவள் சொல்லும் முதல் பாடம்: "கத்தறவங்களுக்கு மூச்சு இருக்கு. சத்தம் போடாதவங்கள முதல்ல பாரு."

இன்று காலை போன் வந்தபோதும் அந்த மேசையில்தான் இருந்தாள். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு யாருக்கோ ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தாடையெல்லாம் வலிக்குதுடி. முதுகை யாரோ முறுக்கிப் பிழியற மாதிரி இருக்கு. வாந்தி வேற வருது."

"நேத்து மிச்சம் மீதி எதையாவது தின்னியா?"

"தின்னேன், ஆனா..."

"அதான். வாயுதான், காஸு. வெந்நீர் குடிச்சிட்டுப் படு."

"இல்லடி, இது வேற மாதிரி..."

"அக்கா, இங்க எனக்குத் தலைக்கு மேல வேலை."

தாடை, முதுகு, வாந்தி. பெண்களுக்கு இதயம் அடைக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாயமாட்டார்கள், இப்படித்தான் வரும் என்று பயிற்சி வகுப்பில் படம் போட்டுக் காட்டியவளே தங்கைதான். படம் போட்டபோது அதில் இருந்தது யாரோ ஒரு பெண். அக்கா இல்லை.

போன வருஷம் அத்தானுக்கு நெஞ்சில் ஏதோ 'லேசா' இருந்தது. மனிதர் அதிகம் பேசமாட்டார். கண்ணாடிக் கடைக்காரர், ஆளும் கண்ணாடி மாதிரிதான், இருப்பதே தெரியாது. அவர் வாயிலிருந்து 'லேசா' என்று வந்ததுமே தங்கை ஆம்புலன்ஸ் அனுப்பினாள். கையில் சிவப்பு அட்டையோடு வாசலிலேயே நின்றாள். இசிஜி, ஸ்கேன், பெரிய டாக்டர், எல்லாம் ஆனது. காஸு. அக்காதான் வீடு திரும்பும்வரை அழுதுகொண்டே வந்தாள். "உனக்கு எல்லாத்துக்கும் நாடகம்" என்று தங்கை அதட்டினாள்.

காஸுக்கு ஆம்புலன்ஸ் போனது. இதயத்துக்கு வெந்நீர் போனது.

சாயங்காலம் எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்து திரும்பினார்கள். கூடம் காலியாகிவிட்டது. மாடிவீட்டம்மாவின் நாற்காலி மட்டும் கதவுக்குக் குறுக்கே கிடந்தது. தங்கை சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். கால் வலித்தது, கண் எரிந்தது. தூங்கலாம் என்று பார்த்தால், பச்சை அட்டையோடு ஆஸ்பத்திரிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் கண்ணுக்குள் வரிசையாக எழுந்து வந்தார்கள்.

சத்தம் போடாதவர்களை முதலில் பார் என்பதுதானே சட்டம்? போன வாரம் ஒருவர் விரலை வெட்டிக்கொண்டு வந்து வாசலே அதிரக் கத்தினார். பச்சையா கொடுத்தாள்? "ஆம்பளையே இப்படிக் கத்தறாருன்னா சும்மாவா?" என்று உள்ளே அனுப்பினாள். அன்றைக்கே ஒரு பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மூலையில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். சட்டப்படி அவளை அல்லவா முதலில் பார்த்திருக்க வேண்டும்? 'சும்மாதானே உட்கார்ந்திருக்கா' என்று பச்சை கொடுத்தாள். பிறகு அவளை ஆபரேஷனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். லேட்டா வந்தா இப்படித்தான் என்று தங்கையே அவளைக் குறை சொன்னாள்.

கத்தினால் நாடகம். கத்தாவிட்டால் ஒன்றுமில்லை. அவள் மேசைக்கு வந்த பெண் எந்தச் சுருதியில் முனகியிருந்தால் சிவப்பு கிடைத்திருக்கும்? தங்கை யோசித்துப் பார்த்தாள். சட்டம் என்று ஒன்று இருந்ததே இல்லை. முதலில் முகத்தைப் பார்த்துத்தான் அட்டை கொடுத்தாள், சட்டத்தைப் பிறகு ஒட்டிக்கொண்டாள். தானும் ஒரு பெண் என்பதுகூட அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்ததும் மறந்துபோயிருக்கிறது.

அத்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இந்த வீட்டில் அவர் யாருக்கும் தண்ணீர் கொடுத்து அவள் பார்த்ததில்லை. டம்ளர் எங்கே இருக்கிறது என்று தேடியிருப்பார் போலும், அளக்கிற குவளையில் கொண்டுவந்திருந்தார்.

"அத்தான், தப்பு என்னோடது. அவ சொன்னத நான் காதுல வாங்கவே இல்ல."

"விடும்மா. அவ குணம் அப்படி. எதுக்கும் கத்துவா. யாருக்குத் தெரியும், எது நெஜம்னு?"

"நெஜமாத்தான் கத்தியிருக்கா, அத்தான். எல்லாத் தடவையும் வலிச்சுதான் கத்தியிருக்கா."

அவர் குவளையைப் பார்த்தார். "நீ காஸுன்னு சொன்னதும் தெளிஞ்சுட்டா. 'என் தங்கச்சியே சொல்லிட்டா, ஒண்ணுமில்லையாம், நீங்க கடைக்குப் போங்க'ன்னு சிரிச்சா. பயம் இல்லாமத்தான் படுத்தா. அந்த நிம்மதி உன்னாலதான்."

மனதாரச் சொன்னார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. மதியத்திலிருந்து வந்தவர்கள் எல்லோரும் அவளை மன்னித்துவிட்டார்கள். மன்னித்துவிட்டு, பழியைப் பாடையில் போனவளோடு சேர்த்து அனுப்பிவிட்டார்கள். அக்காவுக்கு அவர்கள் கொடுத்ததும் அதே பச்சை அட்டைதான்.

உள்ளறையிலிருந்து அக்காவின் மகள் வந்தாள். வெளியூரில் வேலை. பஸ் பிடித்து வந்து சேர்ந்ததிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "சைரனுக்குப் பொறந்தது இப்படிக் கல்லா உட்கார்ந்திருக்கே" என்று மாடிவீட்டம்மா ஐந்தாறு பேரிடம் முணுமுணுத்தாகிவிட்டது.

"அப்பா, நீங்க போய்ப் படுங்க," என்றாள். அவர் போனார்.

அவள் தங்கைக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தாயின் அகலமான முகம், தாயின் மூக்கு. திட்டப்போகிறாள் என்று தங்கை நிமிர்ந்து உட்கார்ந்தாள். திட்டட்டும். யாராவது ஒருத்தராவது திட்டட்டும்.

"சித்தி, அம்மா உங்ககிட்டதான் கடைசியா வலியச் சொல்லியிருக்காங்க. எனக்கும் நேத்து போன் பண்ணாங்க. நான் எடுக்கல. புலம்புவாங்கன்னு எடுக்கல." குரல் உடையவில்லை, வறண்டிருந்தது. "எங்க வலிக்குதுன்னாங்க? எப்படி வலிக்குதுன்னாங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

"நான் பாதியிலயே வச்சுட்டேன்டி."

"அந்தப் பாதியச் சொல்லுங்க."

தங்கை வாயைத் திறந்தாள். மேலே பழைய மின்விசிறி கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தது. "இருங்க சித்தி," என்று அவள் எழுந்துபோய் அதை நிறுத்திவிட்டு, வந்து இன்னும் நெருங்கி உட்கார்ந்தாள். இறக்கைகள் சுற்றி அடங்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.