முன்சக்கரத்துக்கு மட்டும்

நவம்பர் முதல் வாரத்தில் ஒரு நாள் சாப்பிடும்போது, தன் காருக்குக் குளிர்கால டயர் போட்டால் என்ன என்று நெரிஸ் கேட்டாள். வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டே வேண்டாம் என்றேன்.

நெரிஸ் என் மனைவி. எங்கள் பள்ளத்தாக்குக்கு அவள்தான் நர்ஸ். நான் இருபத்திரண்டு வருஷமாக கெத்தினின் கடையில் டயர் மாட்டுகிறேன். வேல்ஸில் எங்கள் பக்கம் எல்லாருமே ஜோன்ஸ், இல்லாவிட்டால் எவன்ஸ். செய்கிற வேலையைப் பேரோடு ஒட்டிவைக்காவிட்டால் ஆள் யாரென்று தெரியாது. அதனால் நான் டயர் இட்வல். டயர் இட்வலிடம் யார் வந்து கேட்டாலும் இத்தனை வருஷமும் ஒரே பதில்தான். இது மழை நாடு, பனி நாடு இல்லை. வருஷத்தில் ஐந்து நாளோ ஆறு நாளோ தரை உறையும். அந்த ஆறு நாளுக்காக நாலு டயர் வாங்கி, மற்ற நாளெல்லாம் கொட்டகையில் தூங்க வைப்பதா? கெத்தினும் இதையேதான் சொல்வான். கடையில் அந்த டயரைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம்.

ஆனால் நெரிஸ் சும்மா கேட்கவில்லை. மலைமேல் ப்ரின் கோச் என்ற பண்ணையில் டூடர் மாமா தனியாக இருக்கிறார். சொந்த மாமா இல்லை, ஊருக்கே மாமா. சர்க்கரை வியாதிக்காரர். கை நடுங்குகிறதால் தானே ஊசி போட்டுக்கொள்ள முடியாது. காலை ஒன்பது மணிக்குள் நெரிஸ் போய்ப் போட வேண்டும். போன குளிர்காலத்தில் ஆறு நாள் அவளால் மேலே போக முடியவில்லை. கீழிருந்து ஐந்து மைல் ஏற்றம், நடந்தும் போக முடியாது. ஆறில் ஒரு நாள் மாமா அடுப்பங்கரையில் விழுந்து கிடந்தார். இந்தக் குளிர்காலத்தில் இரண்டு நாளுக்கு மேல் ஊசி தவறினால், அவரைக் கடற்கரை ஊரில் இருக்கிற முதியோர் விடுதிக்கு மாற்றிவிடுவோம் என்று நெரிஸின் சுகாதார அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டார்கள். மாமா அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டு, நாயையும் சேர்த்து எடுத்துக்கொள்வார்களா என்று மட்டும் கேட்டாராம். மாட்டார்கள்.

"ஊருக்கெல்லாம் டயர் மாட்டற. உன் பொண்டாட்டி வண்டில டயர் பட்டன் தேஞ்சு கெடக்கு. அதைக் கேக்க ஆளில்லை" என்றாள்.

அந்த வாரம் கடைக்கு உடைத்துப் பிரிக்க ஒரு கார் வந்தது, ஜெர்மனிப் பதிவு. நாலு டயரிலும் குளிர்கால டயருக்கான அடையாளம், மலைப்படமும் அதற்குள் பனிப்பூவும், அச்சடித்திருந்தது. நெரிஸ் காருக்குச் சரியான அளவு. இரண்டு டயர் பக்கவாட்டில் வெட்டுப்பட்டிருந்தன, இரண்டு புதுசு மாதிரி. அந்த இரண்டையும் கழற்றி நெரிஸ் காரின் முன்சக்கரங்களில் மாட்டினேன். வண்டியை இழுப்பது முன்சக்கரம். பிடிப்பு அங்கே இருந்தால் போதும், பின்சக்கரம் சும்மா கூட உருண்டு வருவதுதானே. கெத்தின் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றான். எங்கள் ஊரில் எந்த டயர்க்காரனைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பான். நாலு வாங்க மனசு வராதவர்களுக்கு இரண்டு. நாங்கள் அறிந்தது அவ்வளவுதான்.

டிசம்பர் பத்தாம் தேதி தரை உறைந்தது. நெரிஸ் ஏழரைக்குக் கிளம்பினாள். ஒன்பதரைக்கு எனக்கு போன். மலைப்பாதையில் சேப்பல் வளைவில் காரோடு வேலிக்குள் இருக்கிறேன், அடி ஒன்றும் இல்லை என்றாள். குரல் நடுங்கவில்லை, கோபமாகவும் இல்லை. ஏதோ புதிர் போடுகிறவள் மாதிரி இருந்தது.

டிராக்டர் வைத்திருக்கிற பையன்கள் இரண்டு பேரோடு போனேன். கார் மேட்டைப் பார்த்து நின்றது. அவள் வந்ததோ மேட்டிலிருந்து கீழே. மாமாவுக்கு ஊசி போட்டாகிவிட்டது, ஏறும்போது ஒரு தொந்தரவும் இல்லை என்றாள்.

"ஏறும்போது ஆடு மாதிரி ஏறுச்சு இட்வல். இறங்கறப்ப லேசா பிரேக்ல கால் வெச்சேன். முன்பக்கம் நின்னுச்சு. பின்பக்கம் நிக்கல. என்னை முந்திட்டு அது முன்னால வந்துடுச்சு."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பின்பக்கம் முன்னால் வருமா? நல்ல டயர் போட்டதால்தான் திரும்பியதா, போடாமல் இருந்திருந்தால் திரும்பியிருக்காதா? கெத்தினைக் கேட்டேன். அவசரத்தில் பிரேக்கை மிதித்திருப்பாள் என்றான். அதை நெரிஸிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கெத்தின் அடுத்த தடுப்பூசியை வேறு ஊரில் போய்த்தான் போட்டிருக்க வேண்டும்.

மறுநாள் கார் பட்டறையில் இருந்தது. வாடகைக் கார்க்காரன் மேலே வர மறுத்துவிட்டான். டூடர் மாமாவுக்கு ஒரு நாள் தவறியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நல்ல உறைபனி. எங்கள் ஊர் ஆட்டுச் சந்தையில் வெள்ளிக்கிழமை ஏலம் முடிந்ததும் முற்றம் முழுக்கத் தண்ணீர் அடித்துக் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் கண்ணாடி மாதிரி உறைந்து கிடந்தது. சந்தைக் காவலாளி சாவியும் கொடுத்தான், ஆட்டுக்கு அடையாளம் போடுகிற சாயப் பீச்சானும் கொடுத்தான், சிவப்பு ஒன்று நீலம் ஒன்று. வெட்டுப்பட்ட ஜெர்மன் டயர் இரண்டுக்கும் உள்ளே ட்யூப் வைத்துக் காற்றடித்திருந்தேன். ரோட்டுக்கு அது ஆகாது. முற்றத்துக்குள் உருட்டுவதற்குத் தாங்கும்.

நெரிஸ் ஓட்டினாள். நான் ஜாக்கியோடும் நட்டு ஸ்பேனரோடும் நின்றேன். முற்றத்தில் இருந்த ஒரு கம்பத்துக்கு நேராக வந்ததும் இருபது மைல் வேகத்தில் பிரேக், ஸ்டியரிங் லேசாக இடது பக்கம். நாலும் பழைய டயராக இருந்தபோது கார் நேராகவே வழுக்கிப் போய் ரொம்ப தூரம் தள்ளி நின்றது. அங்கே சிவப்பு பீச்சினேன். முன்னால் இரண்டு மட்டும் நல்ல டயர் போட்டபோது கார் பாதி வட்டம் அடித்து என்னைப் பார்த்து நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் நெரிஸ் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். பின்னால் இரண்டு மட்டும் போட்டுப் பார்த்தோம். கார் சுற்றவில்லை, ஆனால் ஸ்டியரிங் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நேரே ஆடு அடைக்கிற கம்பிப் பட்டியைப் பார்த்துப் போனது. நாலும் போட்டதும் திருப்பின பக்கம் திரும்பியது, சிவப்புக்குப் பாதி தூரத்திலேயே நின்றது. நீலம் பீச்சினேன்.

ஒவ்வொரு தடவையும் சக்கரங்களைக் கழற்றி மாட்டினேன். முதுகு விட்டுப்போச்சு. ஆனாலும் நிறுத்த மனசு வரவில்லை. இருபத்திரண்டு வருஷம் தொட்டுக்கொண்டிருந்த பொருள். அது என்ன செய்யும் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

அதற்குள் ஊர்ச் சேப்பலுக்குப் போகிற கூட்டம் கேட்டில் நின்று வேடிக்கை பார்த்தது. போதகர் எம்லின் தன் வண்டியிலிருந்து இறங்கி வந்தார். அது நாலு சக்கரமும் இழுக்கிற பெரிய வண்டி. இந்தத் தொல்லையெல்லாம் எனக்கு இல்லை, எந்தப் பனியிலும் ஏறிவிடுவேன் என்றார். ஏறுவது தெரியும், நிற்குமா என்று நெரிஸ் கேட்டாள். அவருக்கும் ஆசை வந்துவிட்டது. வந்தார், பிரேக் போட்டார், நீலத்தைத் தாண்டினார், சிவப்பைத் தாண்டினார், வைக்கோல் கட்டு ஒன்றில் போய் மெதுவாக இடித்து நின்றார்.

"போதகரே, ஞாயித்துக்கிழமை ஓய்வு நாளாச்சே. வண்டி ஓஞ்சாத்தானே" என்றாள் நெரிஸ்.

கேட்டில் நின்றவர்கள் சிரித்தார்கள். போதகரும் சிரித்தார். நாலு சக்கரம் இழுப்பது கிளம்புவதற்குத்தான், நிற்பதற்கு எல்லா வண்டிக்கும் ரப்பர் ஒன்றுதான் என்று அன்றைக்குப் பிரசங்கத்தில் சொன்னாராம். நான் போகவில்லை, வீட்டில் முதுகுக்கு வெந்நீர்ப் பை வைத்துப் படுத்திருந்தேன்.

திங்கட்கிழமையே இன்னும் இரண்டு டயருக்குச் சொல்லிவிட்டேன். இந்த நாட்டில் கேட்பார் இல்லாத சரக்கு, வருவதற்கு ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளில் ஒரு நாள் மறுபடி உறைந்தது. இரண்டு நல்ல டயரோடு இறங்க நெரிஸுக்குத் தைரியம் இல்லை. என்னாலும் போ என்று சொல்ல முடியவில்லை. மாமாவுக்கு இரண்டாவது நாளும் தவறியது. இனி ஒன்று தவறினால் விடுதி.

நாலு டயரும் மாட்டியாகிவிட்டது. அதோடு பனியும் நின்றுபோயிற்று. ஜனவரி முழுக்க மழை, பதினோரு டிகிரி, சட்டைக் கையை மடித்துவிட்டு வேலை செய்தேன். கடையில் கேலி தாங்கவில்லை. நெரிஸ் வண்டியைப் பார்க்கும்போதெல்லாம் கெத்தின், வட துருவம் போறியா என்பான். எனக்கு அது உறைக்கவில்லை, வேறு ஒன்று அரித்துக்கொண்டிருந்தது. ஈரமாக, உறையாமல் இருக்கிற தரையில் இந்த டயர் எப்படி? அடுத்த ஞாயிறு மறுபடியும் சந்தை முற்றம். அதே கம்பம், இந்தத் தடவை முப்பது மைல் வேகம். கடையிலிருந்து பட்டன் தேயாத சாதாரண டயர் நாலு கொண்டுவந்து, அதையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். கை தேர்ந்த பிறகு சக்கரம் மாற்ற அரை மணி கூட ஆகவில்லை. ஈரத்தில் சாதாரண டயர்தான் சீக்கிரம் நின்றது. குளிர்கால டயர் அதைத் தாண்டி நாலு எட்டு வைக்கிற தூரம் தள்ளிப்போய் நின்றது.

இரண்டு மூன்று தடவை செய்து பார்த்தேன். மாறவில்லை. அப்படியானால் இத்தனை வருஷம் நான் சொன்னதும் முழுப் பொய் இல்லை. வருஷத்தில் முந்நூறு நாள் மழை, ஆறு நாள் பனி. எந்த நாளுக்காக டயர் போடுவது? நெரிஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். மழை நாளில் உனக்கு நாலு எட்டு நஷ்டம் என்றேன்.

அவள் ஈரமான தரையில் அந்த நாலு எட்டையும் நடந்து பார்த்தாள்.

"மழையில மெதுவா போனா அந்த நாலு எட்டு திரும்பக் கெடச்சுடும். ஐஸ்ல எவ்வளவு மெதுவா போனாலும் கெடைக்காது. கழட்டாத."

கழற்றவில்லை.

பிப்ரவரி பதினேழாம் தேதி கொட்டிவிட்டது. கணுக்கால் வரை பனி. கடைக்கு யாரும் வரப்போவதில்லை. நானும் நெரிஸோடு ஏறிக்கொண்டேன். மேலே ஏறுமா என்று பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏறியது. கடைவீதியில் கார்கள் கண்டபடி கோணிக் கிடந்தன. நாங்கள் அவற்றுக்கு நடுவே நடந்துபோகிற வேகத்தில் போனோம். மில் தாண்டி, பாலம் தாண்டி, நாலே கால் மைல். எட்டேகாலுக்கு சேப்பல் வளைவு.

அங்கே ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கார். மூக்கு ஒரு பக்கத்துக் கல்சுவரில், வால் மறு பக்கத்துச் சுவரில். நெரிஸ் பிரேக் போட்டாள், நின்றது. பத்து அடி இருந்தது.

"நல்லா நிக்குது" என்றாள். "ஆனா எங்க போறது?"

வெள்ளைக் காரிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அலுவலகத்து மெய்னிர். டூடர் மாமா விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவள் அவள்தான். இன்றைக்குப் பனி என்று தெரிந்தே வந்திருக்கிறாள். நர்ஸ் வந்து சேர்கிறாளா என்று மேலே உட்கார்ந்து பார்த்து எழுதிக்கொள்வதற்காக விடியற்காலையிலேயே கிளம்பியவள், இந்த வளைவில் மாட்டிக்கொண்டாள். டயரைக் குனிந்து பார்த்தேன். நல்ல டயர்தான், பட்டன் நிறைய இருந்தது. சாதாரண டயர், எங்கள் நாட்டில் எல்லாரும் போடுவது.

எனக்கு இது தோன்றவே இல்லை. முற்றத்தில் ஒரு நேரத்தில் ஓடியது ஒரே கார்தான். ரோட்டில் மற்றவர்களும் இருப்பார்கள். எல்லாரும் போடாத ஊரில் ஒருத்தி போட்டால், அடுத்தவள் கார் குறுக்கே நிற்கிற இடம் வரைக்கும் போகலாம்.

கயிறு கட்டி இழுத்துவிடலாம், ஆனால் ஒரு மணி நேரமாவது ஆகும் என்றேன். நெரிஸ் மணி பார்த்தாள். பையை எடுத்துத் தோளில் போட்டாள். வளைவிலிருந்து பண்ணைக்கு முக்கால் மைல். போன குளிர்காலத்தின் அந்த ஆறு நாளில் அவளால் இந்த வளைவு வரைக்குமே வர முடிந்ததில்லை.

"வாங்க மெய்னிர். பாத்து எழுதணும்னுதானே வந்தீங்க. என் கால்தடத்துலயே மிதிச்சு வாங்க" என்றாள்.

இருவரும் கல்சுவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மெய்னிருக்கு ஆபீஸ் செருப்பு. அவர்கள் திரும்பி வருவதற்குள் வெள்ளைக் காரின் வாலில் கயிறு கட்டி, நெரிஸ் காரைப் பின்னால் எடுத்து, அங்குலம் அங்குலமாக அதை நேராக்கினேன். இழுத்த சக்கரம் ஒரு தடவைகூடச் சும்மா சுற்றவில்லை.

மேலே நடந்ததை நெரிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். எட்டே முக்காலுக்கு ஊசி போட்டாயிற்று. மெய்னிர் மூச்சு வாங்க உட்கார்ந்து, இந்த மாதிரி நாளில் இங்கே வந்து சேர்வது நிச்சயமில்லை என்று ஆரம்பித்திருக்கிறாள். மாமா அவளுக்கு ஒரு கோப்பை டீயை நகர்த்தி வைத்தாராம்.

"நர்ஸ் வந்துட்டாம்மா. வந்து சேராதது உங்க காருதான்" என்றாராம்.

திரும்பி வந்தபோது மெய்னிரின் செருப்பு நனைந்து கூழாகியிருந்தது. கையில் இருந்த காகிதத்தை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். அடுத்த குளிர்காலம் வரைக்கும் மாமா அங்கேயே இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றாள். நெரிஸ் காரின் மேல் கிடந்த பனியைக் கையால் தள்ளிக்கொண்டிருந்தாள். தள்ள வேண்டிய அவசியமே இல்லை.

மெய்னிர் எங்கள் சக்கரத்தின் பக்கத்தில் குந்தி, பனிப்பூப் படத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எங்களிடம் பன்னிரண்டு நர்ஸ் கார் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் இதைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். மலை ஏறுவது எத்தனை என்று கேட்டேன். மூன்று.

"அப்ப மூணுக்கு நாலு நாலு போடுங்க. ரெண்டா போடாதீங்க. கடலோரம் ஓடற ஒன்பதுக்கு வேண்டாம்மா, அங்க மழைதான்."

"எனக்கு? நான் வருஷத்துக்கு ரெண்டு தடவைதான் மேல வரேன்."

 அந்த இரண்டு தடவைக்காக அவள் நாலு டயர் வாங்குவது வீண். வாங்காமல் வந்தாலோ இன்றைக்கு மாதிரி ஒரு பள்ளத்தாக்கையே அடைத்துவிடுவாள். அவள் டயர்களை மறுபடி குனிந்து பார்த்தேன். நெரிஸ் அதற்குள் பக்கத்துக் கதவைத் திறந்து, சீட்டில் கிடந்த கையுறைகளை எடுத்துப் பின்னால் போட்டாள்.

"பனின்னா எனக்கு ஒரு போன் பண்ணுங்க. பாலத்துக்கிட்ட நில்லுங்க, ஏத்திக்கறேன்" என்றாள்.