தாட்சாயணி அத்தை நீங்கலாக

என் மொட்டைத் தலையை ஸ்ரீதேவி அக்கா படம் பிடித்தது திருமலையில், பூசிய சந்தனம் காய்வதற்கு முன்பு. டைபாய்டில் நான் பிழைக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொண்ட மொட்டை அது. அக்கா என் பெரியப்பா மகள். மலையிலிருந்து பஸ் கீழே இறங்குவதற்குள் படம் அவளுடைய இன்ஸ்டாவில் ஏறிவிட்டது. மேலே ‘எங்க வீட்டு முட்டை’ என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாருடைய போனிலும் நான் இருந்தேன். மதியச் சாப்பாட்டில் கொடுத்த முட்டைகளைப் பையன்கள் என் பெஞ்சில் வரிசையாக வைத்தார்கள். தெலுங்கு டீச்சர் முதலில் சிரித்தார், பிறகுதான் அதட்டினார். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டேன். இப்போது நகரியில் ஒரு விசைத்தறிக் கொட்டகையில், ஊடை நூலைக் குச்சியில் ஏற்றித் தார் சுற்றுகிறேன். முடி தோளைத் தொட்டுவிட்டது. படம் மட்டும் போன இடத்திலேயே இருந்தது.

“அந்த போட்டோவ எடுத்துடுக்கா,” என்று ஒரு நாள் கேட்டேன்.

“எதுக்குடி? எனுக்கு லைக்கு வந்ததே அது ஒண்ணுக்குத்தான். பாத்தவங்கல்லாம் பாத்துட்டாங்க. இப்ப எடுத்துட்டா, அப்பவே உனுக்கு முடி இருந்துச்சுன்னு நெனைப்பாங்களா இன்னா?”

பக்கத்திலிருந்த பெரியம்மாவும் சிரித்தாள்.

புரட்டாசி பிறந்தது. அக்காவுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை கிஷோர் குவைத்தில் வேலை பார்த்தான். பெண் பார்த்ததும் பேசி முடித்ததும் புத்தூரில் இருக்கும் அவன் அம்மா தாட்சாயணி அத்தைதான். புரட்டாசியில் அவர்கள் வீட்டு வாசலை முட்டை ஓடுகூடத் தாண்டாது. தானும் சனிக்கிழமைதோறும் விரதம் இருப்பதாக அக்கா அத்தையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தப் போனைத்தான் என்னிடம் கொண்டுவந்தாள். “ஹேங் ஆயிக்கினே இருக்குது, பாரு. படிப்புதான் ஏறல, இதாவது வருதே உனுக்கு.”

அவள் குளிக்கப் போனாள். வேண்டாதவற்றை அழித்துக்கொண்டே போனேன். வாட்ஸ்அப்பில், ஸ்டேட்டஸை யாருக்குக் காட்டக் கூடாது என்று குறித்து வைக்கும் இடம் வந்தது. அங்கே ஒரே ஒரு பெயர்: தாட்சாயணி அத்தை. தன் முகம் என்றால் மட்டும் பூட்டுப் போடத் தெரிந்திருக்கிறது.

என் படத்தை அப்போதே நான் அழித்திருக்கலாம். விரல் அதன் மேல்வரை போனது. வேண்டாம், அது அவள் கையால்தான் போக வேண்டும். அந்த ஒரு பெயரை மட்டும் எடுத்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டேன்.

சனிக்கிழமை மதியம் அக்காவின் ஸ்டேட்டஸ் வந்தது. ரேணிகுண்டா ரோட்டு ஓட்டலில் சிநேகிதிகளோடு உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கீழே ‘விரதம் ஓவர்’. நான் போனை இடுப்பில் செருகிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தேன். அன்று சாயங்காலம்வரை என் கையில் ஒரு நூலும் அறுந்துபோகவில்லை.

இருட்டுவதற்குள் எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

“அத்தை வுடாம கூப்ட்டுக்கினே இருக்காங்கடி. எப்பிடிப் பாத்தாங்கன்னே தெர்ல. பழைய போட்டோ, நீதான் வெளையாட்டுக்குப் போட்டேன்னு சொல்லிடு. இல்லாங்காட்டி கல்யாணமே நின்னுடும்.”

“என் போட்டோ?”

“அய்யோ, இப்ப அதா முக்கியம்?”

நான் அவள் போனைக் காட்டினேன். அவள் இன்ஸ்டாவைத் திறந்து, தானே அழித்தாள். என் போனில் தேடிப் பார்த்தேன். இல்லை.

“போதுமா? பேசு!”

அவள் போன் மறுபடியும் அடித்தது. வாங்கிக் காதில் வைத்தேன். பெயரைச் சொன்னேன்.

“யாரு, அந்த மொட்டப் பொண்ணா?” என்றார் அத்தை.

அவரும் பார்த்திருக்கிறார்.

“ஆமா அத்தை. அந்த கோழி இன்னிக்குத் துன்னதுதான். உங்களுக்கு மட்டும் தெரியக் கூடாதுன்னு அக்கா மறைச்சு வெச்சிருந்தாங்க. நான்தான் தொறந்து வுட்டேன்.”

அக்கா போனைப் பிடுங்கினாள். அத்தையின் குரல் அறை முழுவதும் கேட்டது. நான் கண்ணாடி முன் போய் நின்று, பின்னலை அவிழ்த்து, மெதுவாகச் சிக்கெடுக்க ஆரம்பித்தேன்.