0.39-இலேயே நின்ற லேப்டாப்

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு லேப்டாப்பைத் திறந்தபோது எனக்குப் பயம் ஒன்றும் இல்லை. மதியம் மூன்று மணிக்கு ஆன்லைன் தேர்வு. கேமரா, மைக் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பாப்பா பிறந்ததும் வேலையை விட்டவள் நான். மூன்று வருஷத்தில் இருபத்தாறு கம்பெனிகளுக்கு விண்ணப்பம் போட்டு, வந்த ஒரே அழைப்பு இது. வீட்டிலிருந்தே பார்க்கக்கூடிய சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. மூன்று மணிக்குள் நுழையாவிட்டால் மறுவாய்ப்பு கிடையாது என்று மெயிலில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள்.

லேப்டாப் விழித்துக்கொள்ளவே பதினோரு நிமிஷம் ஆனது. கேமராவில் என் முகம் வந்தது. நான் கண் சிமிட்டி முடித்த பிறகுதான் அது சிமிட்டியது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் பிராசஸர் வேகம் 0.39 ஜிகாஹெர்ட்ஸ். மூன்றுக்கு மேல் ஓட வேண்டியது, ஆணி அடித்த மாதிரி அங்கேயே நின்றது.

ஐந்து வருஷம் டெஸ்டராக இருந்தேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ரீஸ்டார்ட் செய்தேன். பவர் செட்டிங்கை உச்சத்தில் வைத்தேன். சூடாகிவிட்டதோ என்று அடியில் தடவிப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பவர் பட்டனை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்தேன். பேட்டரி செத்து ஒரு வருஷமாகிறது, சார்ஜர் இல்லாமல் அது ஓடாது. ஒவ்வொரு தடவை ஆன் செய்யும்போதும் கறுப்புத் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்து, தொடர என்டர் அழுத்தச் சொன்னது. இருந்த அவசரத்தில் படிக்காமலேயே அழுத்தினேன்.

அப்புறம் அருள்குமார் மேல் சந்தேகம் வந்தது. என் கணவர். ஸ்ரீ சிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன் திருப்பதியில் கம்பெனி பஸ் ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு. செவ்வாய்க்கிழமை லேப்டாப்பில் ஏதோ அப்டேட் போட்டவர் அவர். தேர்வைப் பற்றிச் சொன்னபோது, பாப்பா கொஞ்சம் பெரிசாகட்டுமே என்று இழுத்தவரும் அவர். இரண்டுக்கும் முடிச்சுப் போட எனக்கு நேரமே ஆகவில்லை. போன் செய்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி வுடு ஹரி. அடுத்த தபா பாத்துக்கலாம்" என்றார்.

அவ்வளவு சுலபமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாதாரணமாக அவரை நீங்க என்பேன், கோபம் வந்தால் மட்டும் நீ.

"நீதான் இத்த இன்னாவோ பண்ணி வெச்சிக்கிற. நான் வேலைக்குப் போறது உனக்குப் புடிக்கல."

 சொன்ன கையோடு நானே போனைத் துண்டித்தேன். அவர் திரும்ப இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. லேப்டாப் ரிப்பேர் பார்க்கும் சலீம் பாய் கடைக்குக் கொண்டு போகும்படி மெசேஜ் வந்தது.

அவர் சொன்ன ஒரே காரணத்துக்காக அங்கே போகவில்லை. பாப்பாவைப் பக்கத்து வீட்டு மனோரமா அக்காவிடம் விட்டுவிட்டு, கண்ணாடிக் கதவு போட்ட ஒரு பெரிய கடைக்குப் போனேன். அவர்கள் திறந்ததே பத்தரைக்கு. டோக்கன் கொடுத்துப் பன்னிரண்டு வரை உட்கார வைத்து, மதர்போர்டு போயிருக்கலாம், இரண்டு நாள் விட்டுவிட்டுப் போங்கள் என்று தெலுங்கில் சொன்னார்கள். மூன்று மணிக்கு வேண்டும் என்றேன். கவுன்டரில் இருந்த பெண் சிரித்தாள். பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன், நேரமில்லை.

சலீம் பாய் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில். போய்ச் சேர்ந்தபோது அவர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை. உட்காரும்மா, முடித்ததும் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாசலுக்கும் ஸ்டூலுக்கும் நடந்தேன். டீ வாங்கிப் பாதி குடித்துவிட்டு எங்கேயோ வைத்தேன். வைத்த இடம் மறந்துபோய் இன்னொரு டீ வாங்கினேன். ஒரு மணி ஆனது, ஒன்றரை ஆனது. 

ஒன்றே முக்காலுக்கு வந்தார். லேப்டாப்பை ஆன் செய்தார். நான் காலையிலிருந்து தாண்டித் தாண்டிப் போன அந்த இரண்டு வரியை நிதானமாகப் படித்தார்.

"சார்ஜர் இன்னதுன்னு தெர்ல, அதனால ஸ்பீட கொறைக்கிறேன்னு அதுவே சொல்லிக்கினுதானேமா கீது" என்றார்.

வேறொரு வாடிக்கையாளர் கடையில் விட்டுப்போன சார்ஜரைச் செருகினார். 3.1. உடனே என் சார்ஜரின் வாயில் டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே நடுவில் மயிரிழை போல ஓர் ஊசி. அதைச் சுற்றி ஆரஞ்சும் சிவப்புமாக என்னவோ காய்ந்து இறுகியிருந்தது. அந்த ஊசிதான் சார்ஜர் எந்த வகை என்று லேப்டாப்புக்குத் தெரிவிக்குமாம். அது வாயடைத்துப் போனாலும் கரண்ட் வரும், ஆனால் லேப்டாப் அதை நம்பாது. எதற்கும் இருக்கட்டும் என்று மெதுவாகவே ஓடுமாம்.

"ஏம்மா, ஆயுத பூஜையா?" என்றார் சலீம் பாய்.

என் ஊர் நகரி. பிறந்த வீட்டில் நான்கு பவர்லூம். ஆயுத பூஜையன்று நைனா, என் அப்பா, சந்தனத்தில் குங்குமம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பார். அதில் அவருக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேலை செய்கிற முனையில்தான் பொட்டு இருக்க வேண்டும். கத்தரிக்கோலுக்கு நுனியில், ஸ்க்ரூ டிரைவருக்கு வாயில், தறியில் நூலை இழுத்துக்கொண்டு ஓடும் நாடாவுக்கு அதன் கூரில். புதன்கிழமை நானும் அப்படியே வைத்தேன். லேப்டாப்பின் மூடியில் ஒன்று. சார்ஜருக்கு எது முனை என்று யோசித்து, அதன் வாயில் ஒன்று, மோதிர விரலால் அழுத்தி. தேர்வு நல்லபடியாக முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் அழுத்தினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

பாய் ஊசியாலும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சாலும் சுரண்டினார். செருகினார். 0.39. மறுபடி சுரண்டினார். நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே காலுக்கு 3.1 வந்தது. அடுத்த வருஷம் மூடி மேல் வைத்தால் போதும், சாமி கோபித்துக்கொள்ளாது என்றார்.

அப்போது அருள்குமார் கடைக்குள் நுழைந்தார். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அட்டை, தோளில் யாருடையதோ ஒரு பை. அரை நாள் லீவு போட்டு, கூட வேலை செய்யும் சந்துருவின் லேப்டாப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டு, நாயுடுபேட்டையில் பஸ் மாறி வந்திருக்கிறார்.

"நான்தாங்க. பூஜையன்னிக்கு சார்ஜர் முனையில பொட்டு வெச்சிட்டேன். நீங்க ஒண்ணும் பண்ணல" என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே போய் ஆட்டோ பிடித்தார்.

பாதி வழியில், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"காலைல லேப்டாப் ஓடலன்னு நீ சொன்னப்ப, எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருந்துச்சு ஹரி." கழுத்து அட்டையைக் கழற்றினார். "அது எனக்கே புடிக்கல. அதான் பஸ் ஏறிட்டேன்."

அப்படியானால் லேப்டாப் விஷயத்தில் மட்டும்தான் நான் தப்பு. மற்றது சரியென்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். கோபம் வந்தது. ஆனால் என் மடியில் இரண்டு லேப்டாப்கள் இருந்தன, ஒன்று அவர் தூக்கிக்கொண்டு வந்தது. இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டுக்குள் நுழைந்தபோது இரண்டு ஐம்பது. நான் சார்ஜரைச் செருகினேன். அவர் எதற்கும் இருக்கட்டும் என்று சந்துருவின் லேப்டாப்பையும் ஆன் செய்து, பக்கத்தில் ஸ்டூலின் மேல் வைத்தார். பிறகு வாசலில் நின்று கேட்டார்.

"பாப்பா துன்னுச்சா?"

"தெரியாது. நீங்க போய்ப் பாருங்க."

மூன்று வருஷத்தில் அந்தக் கேள்விக்குத் தெரியாது என்று நான் சொன்னது அதுதான் முதல் தடவை.  அவர் கதவைச் சாத்திவிட்டு, பாப்பாவைப் பார்க்க மனோரமா அக்கா வீட்டுக்குப் போனார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. உள்ளே நுழைவதற்கான பட்டனை அழுத்தினேன்.