தம்பி எடுத்த பதிவு

அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்த செருப்பைக்கூடக் கழற்றாமல், தம்பி கூடத்து மேசையில் தன் மேக் லேப்டாப்பைத் திறந்தான்.

"எல்லாரும் உக்காருங்க. அப்பா கடைசியா பேசினது இதுல இருக்கு. அவருக்கு யார் மேல பாசம்னு இன்னிக்குத் தெரிஞ்சுடும்."

அக்கா அவனை முறைத்தாள். ஆறு மாதமாக அப்பாவின் மலச்சட்டி எடுத்தவள் அவள். இந்தத் துரை நேற்றுத்தான் விமானத்திலிருந்து இறங்கினான். மாத்திரைக்காகத் தினமும் சண்டை போட்டதில் அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதையே விட்டிருந்தார்.

அப்பாவுக்கு நாக்கு குழறத் தொடங்கிய அன்று, அவள்தான் தன் விண்டோஸ் லேப்டாப்பைக் கட்டிலருகே வைத்துத் தம்பியை வீடியோவில் கூப்பிட்டாள்.

"நான் இங்கயே ரெக்கார்ட் பண்றேன்டா. ரெண்டு பேர் குரலும் விழும். ஆபீஸ் மீட்டிங்கெல்லாம் இதுலதான் எடுக்கறேன்."

"அந்த ஓட்டை டப்பாவிலயா? ரெண்டு பக்கமும் எடுத்தா வீடியோ கால் விட்டு விட்டு வரும். நான் மேக்ல எடுக்கறேன்."

"வேணும்னா என் லினக்ஸ் லேப்டாப்ல..." என்று அவள் கணவர் வாயெடுத்தார்.

"மாமா, உங்க லினக்ஸ் ஒவ்வொரு பட்டனுக்கும் ஊர்ல எல்லார்கிட்டயும் அனுமதி வாங்கிட்டுத்தான் எடுக்கும். சும்மா இருங்க. அக்கா, நீயும் வெளிய போ. நீ இருந்தா அப்பா வாயே திறக்க மாட்டார்."

சாகக் கிடப்பவர் முன்னால் கத்த வேண்டாமென்று கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நின்றாள். உள்ளே முனகல்தான் கேட்டது. அன்று மாலையே அப்பாவுக்கு நினைவு தப்பியது. என்ன சொன்னார்? தன்னைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை இருந்தால் போதும் அவளுக்கு.

இப்போது கூடத்தில் பதிவு ஓடியது. அப்பாவின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. தம்பி வால்யூமை முழுதாக ஏற்றினான்.

"சொல்லுங்கப்பா, அவளை வெளிய தள்ளிட்டேன்!"

அவன் குரல்தான் கூடத்தில் அதிர்ந்தது. பெரியப்பா தொண்டையைக் கனைத்தார். உதடுகள் மறுபடி அசைந்தன. மறுபடியும் சத்தம் இல்லை.

"உன் மேக் உன் மைக்கை மட்டுந்தான் எடுத்திருக்கு," என்றார் கணவர் மெதுவாக. "நீ ஹெட்செட் போட்டிருந்தே. அவர் குரல் உன் காதோட போச்சு."

"என்னடா சொன்னார்?" என்றாள் அக்கா.

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல."

"பொய் சொல்லாதடா பாவி!"

அவன் மேக்கை மூடப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். மேக் விடாமல் பேசியது. "அங்க என்ன பார்வை? அவ வரமாட்டா. என்னைப் பாருங்கப்பா. இங்க, இங்க!"

கட்டிலருகே லேப்டாப்பை எங்கே வைத்தாளென்று அவளுக்குத் தெரியும். அப்பா பார்த்த பக்கத்தில் மூடிய கதவு மட்டும்தான் இருந்தது. பதிவு முடியும்வரை அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.